ஆப் பிறகு, முதலில் கடன் கொப்பி

கேள்வி: கொழும்பு பழைய சோனகத் தெருவில் அப்பா தொடங்கிய ஹார்ட்வெயார் கடை, 38 வருடமாகிறது. ட்ரில், கொங்கிரீட் உடைக்கும் பிரேக்கர், கட்டர் எல்லாம் இப்போது இன்டர்நெட்டில் எங்களைவிட மலிவு. "ஆப் போடுவோம்" என்கிறான் மகன். போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அதிலும் இதே பிரேக்கரை இதே லாபத்துக்குத்தான் விற்பீர்கள். விலைச்சண்டை கடைவாசலை விட்டு போனுக்குள் போகும், அவ்வளவுதான். வாடிக்கையாளர் உங்களுக்கு எதற்காகக் காசு தருகிறார் என்பதை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

லிச்சென்ஸ்டைன் நாட்டு ஹில்டி கம்பனி தரமான கருவிகளுக்குப் பெயர் போனது. மலிவுப் போட்டி அவர்களையும் நெருக்கியது. 2000ஆம் ஆண்டளவில் மாதக் கட்டணத்துக்குக் கருவி கொடுக்கத் தொடங்கினார்கள். பழுது பார்ப்பதும் பழசை மாற்றித் தருவதும் கம்பனி பாடு. கட்டடக்காரருக்கு மெஷின் சொந்தமா என்பது பெரிதல்ல, திங்கள் காலை அது ஓட வேண்டும்.

"வாடகை மெஷின் கொழும்புக்குப் புதிதா?" என்பீர்கள். இல்லைதான். ஆனால் காலையில் நின்றுபோன பிரேக்கருக்குப் பதில் மத்தியானத்துக்குள் இன்னொன்று சைட்டுக்கு வரும் என்று எத்தனை பேர் வாக்குக் கொடுக்கிறார்கள்? நீங்கள் விற்க வேண்டியது அந்த வாக்கை.

யாருக்கு விற்பது? கடன் கொப்பியையும் ரிப்பேர் பில்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருடத்தில் நாலு தடவை மோட்டாரில் தேய்ந்த கார்பன் பிரஷ் மாற்ற வரும் கட்டட வேலை பாஸ், வேலை நின்ற நாட்கூலியையும் சேர்த்துத்தான் இழக்கிறார். அவர்தான் உங்கள் முதல் ஆள்.

கணக்கு கொஞ்சம் கசக்கும். ஒரு பிரேக்கர் 90,000 ரூபாய் என்று வையுங்கள். பத்து வாங்கினால் 9 லட்சம். இரண்டு மாற்று மெஷினாகத் தட்டில் சும்மா இருக்கும். மற்ற எட்டும் மாதம் 9,000 வீதம் 72,000 கொண்டு வரும். போட்ட முதல் திரும்பவே பன்னிரண்டு மாதம் தாண்டும், ரிப்பேர்ச் செலவு வேறு. விற்றால் அன்றைக்கே கையில் காசு. அதனால் பத்தோடு நிறுத்துங்கள், வங்கிக் கடனில் இறங்காதீர்கள்.

இதைவிடப் பெரிய தடை கடைக்குள்ளேயே இருக்கிறது. விற்பனைக்குக் கமிஷன் வாங்கும் பையன் மாதக் கட்டணத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டான். நான் அவனைக் குறை சொல்லமாட்டேன், கமிஷன் கணக்கைத்தான் மாற்ற வேண்டும். ஹில்டியிலும் சைட் ஆட்களோடு பேசிப் பழகிய விற்பனையாளர்கள், கணக்குப் பார்ப்பவர்களோடு பேசப் பழக வேண்டி வந்தது.

ஐம்பது மெஷின் வெளியே போய், எது எந்த சைட்டில் என்று கொப்பியில் தேடித் தடுமாறும் நாளில் மகனைக் கூப்பிடுங்கள். அன்றைக்கு ஆப் போடலாம்.