ஏணிப் பயிற்சியில் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆட்டத்தில் ஏன் ஏமாறுகிறார்கள்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பத்து முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கும் நீங்கள், தரையில் விரித்த கயிற்றேணியின் கட்டங்களுக்குள் மின்னலாகக் கால் வைக்கும் சிறுவர்கள் ஆட்டத்தில் எதிராளியின் ஒரே அசைவில் ஏமாந்துவிடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தலவாக்கலைப் பக்கம் இதே வயதினரைப் பயிற்றுவிப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஏணியில் அடுத்த அடி எங்கே விழ வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டது; ஆட்டத்தில் அதை எதிராளிதான் முடிவு செய்கிறான். ஷெப்பர்ட், யங் ஆகிய ஆய்வாளர்கள் 2006 இல் முன்வைத்த வரையறையும், வெளியிலிருந்து வரும் ஒரு தூண்டலுக்கு ஏற்ப உடல் முழுவதும் விரைந்து வேகத்தையோ திசையையோ மாற்றுவதையே சுறுசுறுப்பு என்கிறது. ஆகவே ஏணியை உடல் சூடேற்றுவதற்கு ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டு, மீதி நேரத்தைக் கண்ணுக்கும் காலுக்கும் சேர்த்து வேலை தரும் ஆட்டங்களுக்குக் கொடுங்கள்.

நான் அதிகம் நம்புவது நிழலாட்டத்தை. ஐந்தாறு மீற்றர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போட்டு, அவற்றுக்கு நடுவே இருவரை எதிரெதிரே நிறுத்துங்கள். ஒருவன் பக்கவாட்டில் இஷ்டம்போல் நகர, மற்றவன் அவனைத் தவறவிடாமல் தொடர வேண்டும். ஐந்தாறு விநாடி ஆட்டம், அரை நிமிட ஓய்வு, பிறகு மாற்றம். தொடர்பவன் எதிராளியின் காலைப் பார்த்தால் ஏமாறுவான். இடுப்பைப் பார்க்கப் பழகியவன் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. பிறகு தண்ணீர் நிரப்பிய போத்தல்களை இரண்டு நிறங்களில் வைத்து, பந்தோடு ஓடி வருபவனுக்குக் கடைசி நேரத்தில் ஒரு நிறத் துணியை உயர்த்திக் காட்டுங்கள்; அவன் அந்த நிறப் போத்தலை நோக்கித் திரும்ப வேண்டும். வாயால் சொல்வதைவிட இது நல்லது, ஏனெனில் தலை நிமிராமல் நிறம் தெரியாது.

திரும்புவதற்கு முன் நிற்கக் கற்றுக்கொடுப்பது அவசியம். தேயிலை மலையில் ஏறி இறங்கும் நம் பிள்ளைகளுக்குக் கால் பலத்தில் குறையில்லை; ஆனால் நான் கண்டவரை, பலர் குதிகாலை ஊன்றி உடலைப் பின்னால் சாய்த்தே நிற்கிறார்கள். அடிகளைச் சிறிதாக்கி, இடுப்பைத் தாழ்த்தி, முழங்கால் உள்ளே மடங்காமல் பாதவிரல்களின் நேரே இருக்கும்படி நிற்கப் பழக்குங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஈரப் புல்லில் கயிற்றேணி காலைத் தட்டிவிடும் என்பதால் கோடுகளே போதும்.

காயங்களைத் தடுக்க உதவும் சூடேற்றல் பயிற்சிகளான ஃபீஃபாவின் '11+ கிட்ஸ்' திட்டம் 7 முதல் 13 வயது வரையானவர்களுக்குரியது. அதன் ஏழு பயிற்சிகளையும் 15–20 நிமிடத்தில் முடிக்கலாம். பத்திரமாக விழுவதும் அதில் உண்டு.

பெண் பிள்ளைகள் 12 வயதளவிலும் ஆண் பிள்ளைகள் 14 வயதளவிலும் திடீரென உயரும்போது, கைவந்த அசைவுகளிலும் சில காலம் தடுமாறலாம். அதற்காக அணியிலிருந்து நீக்கிவிடாதீர்கள். முழங்காற்சில்லுக்குக் கீழே வலி என்றால் தாவல்களைக் குறைத்து வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.

முன்னேற்றத்தை அளக்க, கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் நேரத்தைக் கணக்கிடும் இலினோய் சோதனையைச் செய்யலாம்: 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், நடுவில் 3.3 மீற்றர் இடைவெளியில் நான்கு கூம்புகள். ஆனால் அதன் பாதையும் முன்பே தெரிந்ததுதான்; அந்த நேரத்தை வைத்து மட்டும் அணியைத் தெரிவு செய்ய வேண்டாம்.