‘வழங்கிவிட்டது’ என்ற சொல்

கேள்வி: மலையகத் தமிழர்களுக்கு இலங்கை அரசு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் குடியுரிமை வழங்கிவிட்டது. அதன் பிறகும் அவர்கள் குறைப்பட்டுக்கொள்வது ஏன்?

பதில்: ‘வழங்கிவிட்டது’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் மேலே செல்ல முடியவில்லை. இலங்கையின் மலைத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள்; 1947 தேர்தலில் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள். மறு ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் அறைகளில் பிறந்து, தேயிலைச் செடிகளுக்கடியில் புதைக்கப்பட்ட தலைமுறைகளின் பிள்ளைகள் அந்தப் பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. பறித்ததை ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திருப்பிக் கொடுத்தவரை வள்ளல் என்று நான் எழுத மாட்டேன்.

1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், சம்பந்தப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களை நாம் ‘சிலோன்காரர்’ என்றோம். அங்கே ‘இந்தியத் தமிழர்’ என்று பெயர் வைத்து அனுப்பப்பட்டவர்களுக்கு இங்கே கிடைத்த பெயர் அது.

இந்தப் பக்கத்தில் நான் முன்பும் சொல்லி, வசவுக் கடிதங்களைப் பெற்ற ஒன்றை மீண்டும் சொல்கிறேன்: பழி முழுவதையும் சிங்களத் தலைவர்கள் மேல் இறக்கிவைத்துவிட்டு நாம் ஒதுங்க முடியாது. குடியுரிமைக்கு வதிவிட நிபந்தனைகளை விதித்துப் பெரும்பாலோரை வெளியே நிறுத்திய 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தை, அமைச்சராக இருந்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் ஆதரித்தார். அதை எதிர்த்து அவரது கட்சியிலிருந்து பிரிந்த செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பது நமக்கு ஓரளவு ஆறுதல். ஆனால் ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏச்சு தமிழ்ச் சொல். தமிழ் வாய்களில்தான் அது புழங்கியது. ஒரு மக்களை அந்நியராக்கச் சட்டம் மட்டும் போதாது, அக்கம்பக்கத்தாரின் நாவும் வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. லயன்களில் வாழும் மிகப் பலருக்கு, நான்கைந்து தலைமுறையாகக் குடியிருக்கும் தரை இன்றும் சொந்தமில்லை. கடிதம்கூடத் தோட்ட நிர்வாகத்தின் முகவரிக்கு வந்து, அங்கிருந்துதான் கைக்குக் கிடைக்கிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தரையைத் தொடவில்லை. அவர்கள் கேட்பது, தங்கள் பெயரில் எழுதப்பட்ட ஒரு காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம்.