வீட்டு ஃபைபர் இணைப்புக்குப் புது ரவுட்டர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: 150 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு, கம்பெனி ஆள் மாட்டிவிட்டுப் போன பெட்டி நாலு வருஷம் பழசு, அடிக்கடி நின்று நின்று வருகிறது, மாடி அறைக்கு வைஃபை எட்டவே இல்லை, 3,000 ரூபாய்க்குள் எந்த ரவுட்டர் வாங்கலாம்? மாடல் பெயரை உடனே சொல்லிவிடலாம். ஆனால் வாங்கி வந்து பிரித்த பிறகு "இதில் ஃபைபர் வயரைச் செருக இடமே இல்லையே" என்று திகைத்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது வெறும் ரவுட்டர் அல்ல. ஃபைபரில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றுவது அதன் முதல் வேலை. அந்தப் பகுதிக்கு ஓஎன்டி என்று பெயர், சிலர் ஓஎன்யூ என்பார்கள். வந்த இணைப்பை போன், டிவி, லேப்டாப் என்று பிரித்துக் கொடுப்பதுதான் ரவுட்டர் வேலை. அதைக் காற்றில் அனுப்புவது வைஃபை. மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துத் தந்திருக்கிறார்கள். கடையில் ரவுட்டர் என்று விற்பது பெரும்பாலும் கடைசி இரண்டை மட்டும்தான் செய்யும்.

சரி, ஓஎன்டி உள்ள பெட்டியையே வாங்கி மாட்டலாமே என்றால், அதுவும் அவ்வளவு எளிதல்ல. நம் ஊரில் பெரும்பாலான வீட்டு ஃபைபர் இணைப்புகள் ஜிபான் முறையில் ஓடுகின்றன. தெருவுக்கு வரும் ஒரே ஃபைபரை ஸ்பிளிட்டர் வைத்து 32 வீடு, 64 வீடு என்று பிரித்திருப்பார்கள். எல்லா வீட்டுக்குமான தரவும் ஒரே ஒளியில்தான் வரும். ஒவ்வொரு ஓஎன்டியும் தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். எந்தப் பெட்டி எந்த வீட்டுடையது என்பதை அதன் சீரியல் எண்ணை வைத்துக் கம்பெனியின் கருவியில் பதிந்திருப்பார்கள். பதியாத பெட்டியை மாட்டினால் விளக்கு எரியும், நெட் வராது. ஆகவே பழைய பெட்டி அதன் இடத்திலேயே இருக்கட்டும். புது ரவுட்டர் அதன் பின்னால் ஒரு லேன் வயரில் வந்து உட்கார வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஊர் கேபிள்காரர் தெருப் பெட்டியிலிருந்து நேராக லேன் வயர் இழுத்துக் கொடுத்திருந்தால், உங்கள் வீட்டில் ஓஎன்டியே இருக்காது. அப்போது பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டலாம். நீங்கள் ஃபைபர் என்று எழுதியிருப்பதால் அந்த வகை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது காசைச் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டியது. இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நின்று நின்று வருவதும் மாடிக்கு எட்டாததும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். முதலாவதைப் புது ரவுட்டர் தீர்க்காமலே போகலாம்.

நெட் நிற்கும் நேரத்தில் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு எரிந்தால் ஒளியே வீடு வந்து சேரவில்லை. எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது, அல்லது அறுந்திருக்கிறது, அல்லது இணைப்பு முனையில் அழுக்கு. இதற்கு நீங்கள் லட்ச ரூபாய் ரவுட்டர் வாங்கினாலும் பயனில்லை. கம்பெனிக்குப் புகார் கொடுப்பதுதான் வழி. புகார் கொடுக்கும்போது பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, ஒளி பெறும் அளவையும் குறித்துச் சொல்லுங்கள். 192.168.1.1 போன்ற முகவரியில் அந்தப் பக்கம் திறக்கும். சரியான முகவரியும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். அளவு மைனஸ் 20 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) பக்கம் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டி மைனஸ் 28, 29 என்று போனால் இணைப்பு தடுமாறத்தான் செய்யும். எண்ணோடு பேசும் வாடிக்கையாளரிடம் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைக்க முடியாது. ஃபைபர் வயரை அலமாரிக்குப் பின்னால் கூர்மையாக மடித்து நசுக்கியிருக்கிறார்களா என்றும் ஒரு கண் பாருங்கள். செம்புக் கம்பிபோல அதை மடிக்கக் கூடாது. முனையை நீங்களே கழற்றித் துடைக்க வேண்டாம், உள்ளே எட்டிப் பார்க்கவும் வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

எல்லா விளக்கும் அணைந்து, பெட்டி தானாகவே மறுபடி எழுந்து வருகிறது என்றால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். வருஷக்கணக்காக ராப்பகலாகச் சூட்டில் கிடக்கும் அடாப்டர் மெல்ல மெல்ல வலுவிழக்கும். விளக்கு எரிகிற அளவுக்குக் கரண்ட் கொடுக்கும். நாலு பேர் சேர்ந்து வீடியோ பார்க்கும்போது தாங்காமல் பெட்டி விழுந்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் அதே வோல்ட், அதே அளவு அல்லது அதற்கு மேல் ஆம்பியர் உள்ள அடாப்டர் சில நூறு ரூபாய்தான். 12 வோல்ட் கேட்கும் பெட்டிக்கு 9 வோல்ட் அடாப்டரைச் செருகாதீர்கள், முனை பொருந்தினாலும் சரி.

விளக்கெல்லாம் சரியாக இருந்து நெட் மட்டும் திணறுகிறதா? ஒரு லேப்டாப்பை லேன் வயரில் பெட்டியோடு நேரடியாக இணைத்து, அரை நாள் ஓட்டுங்கள். வயரில் 150 ஒழுங்காக வந்து, வைஃபையில் மட்டும் தடுமாறினால் இப்போதுதான் ரவுட்டர் கடைக்குப் போக நியாயம் இருக்கிறது. வயரிலும் தடுமாறினால், பெட்டி கம்பெனியுடையது என்பதால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். நாலு வருஷப் பழசு என்றால் பல இடங்களில் மாற்றிக் கொடுக்கிறார்கள், கேட்காதவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை.

இனி வாங்குவது. உங்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்வது ஒன்றுதான்: வேன் போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்பைச் செருகும் துளை), லேன் போர்ட் (வீட்டுக் கருவிகளைச் செருகும் துளை) எல்லாம் கிகாபிட்டாக, அதாவது 1,000 எம்பிபிஎஸ் தாங்குவதாக இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் 'ஏசி1200' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளில், 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ், 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, இரண்டையும் கூட்டி மேலே தள்ளி எழுதிய எண் அது. ஒரே போனுக்கு அந்த வேகம் ஒருநாளும் வராது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் 10/100 போர்ட் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அப்படியானால் எவ்வளவு வேக இணைப்பு போட்டாலும் உள்ளே வருவது ஏறக்குறைய 94 எம்பிபிஎஸ்தான். 150-க்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு 94-ஐ வாங்கிக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. டிபி-லிங்கின் ஆர்ச்சர் சி50-ம் ஏசி1200, ஆர்ச்சர் சி6-ம் ஏசி1200. சி50-ல் போர்ட் 10/100, சி6-ல் கிகாபிட். மேல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. லேன் வயரையும் இதே கண்ணோடு பாருங்கள். உள்ளே எட்டு இழைகளும் சரியாகக் கிரிம்ப் ஆகியிருக்க வேண்டும். நாலு மட்டும் பிடித்திருந்தால் கிகாபிட் போர்ட்டும் 100-க்கு இறங்கிவிடும். கேட்5இ வகை வயர் போதும்.

வைஃபை 5, 6, 7 என்ற தலைமுறைகளில் எதை எடுப்பது? உங்கள் வேகத்துக்கு வைஃபை 5 (மேலே சொன்ன ஏசி வகை) போதும். ஆனாலும் 3,000 ரூபாயை ஒட்டி ஏஎக்ஸ்1500 வகை வைஃபை 6 ரவுட்டர்கள் கிடைக்கின்றன; அதையே எடுங்கள். வீட்டில் பத்துப் பதினைந்து கருவிகள் ஒரே நேரத்தில் தொங்கும்போது வைஃபை 6 அவற்றைச் சமாளிக்கும் விதம் மேல். வைஃபை 7-க்கு இப்போது பணம் போட வேண்டாம். அதைப் பயன்படுத்திக்கொள்ளும் போனும் லேப்டாப்பும் கையில் இல்லாதவரை அது வெறும் விலைதான். நாலு ஆண்டெனா, ஆறு ஆண்டெனா என்பதிலும் மயங்க வேண்டாம்.

மாடிக்கு வருகிறேன். நம் வீடுகளின் தளம் கம்பி கட்டிப் போட்ட கான்க்ரீட். 5 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டும்போதே பெரும்பகுதி தேய்ந்துவிடும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனையும் அதே மூன்றில்தான் நெரிகின்றன. எவ்வளவு விலை உயர்ந்த ரவுட்டரும் ஹால் மூலையில், டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் இருந்தால் மாடிக்கு ஏறாது. அதனால் முதலில் ரவுட்டரை மாடிப்படி ஓரமாக, ஆள் உயரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். படிக்கட்டுத் திறப்பு வழியாக ஏறும் சிக்னல் தளத்தைத் துளைத்து ஏறுவதை விட நன்றாக இருக்கும். ஆண்டெனா குச்சியை நட்டு வைத்தால் அலை பக்கவாட்டில்தான் அதிகம் பரவும். மாடிக்கு வேண்டுமென்றால் ஒன்றிரண்டைப் படுக்க வையுங்கள்.

இதுவும் போதவில்லையென்றால் எக்ஸ்டெண்டர் வாங்க ஓடாதீர்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டரில் வேகம் பாதியாகிவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாடிக்கு ஒரு லேன் வயர் இழுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பில் அதை நுழைக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மேலே புது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (வைஃபை பரப்பும் வேலை மட்டும்) வைத்தால், கீழே பழைய பெட்டியின் வைஃபை, மேலே புதியதன் வைஃபை. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு கொடுத்தால் போன் தானே மாறிக்கொள்ளும். உங்கள் வீட்டுக்கு நான் செய்வேன் என்றால் இதைத்தான் செய்வேன். மெஷ் செட் (ஒன்றாகச் சேர்ந்து வீடு முழுவதும் வைஃபை பரப்பும் பல பெட்டிகள்) அழகாகத்தான் இருக்கும், ஆனால் 3,000-த்துக்குள் ஒழுங்கானது கிடைப்பது கடினம்.

ஆக்சஸ் பாயிண்ட் மோடு வேண்டாம், எல்லாமே புது ரவுட்டர் வழியாகப் போகட்டும் என்றால் கம்பெனிக்காரரிடம் சொல்லிப் பழைய பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு, ஓஎன்டியாக மட்டும் ஓடும் நிலை) மாற்றுங்கள். அப்போது கம்பெனியின் நெட்டுக்குள் நுழைவதற்கான உங்கள் பிபிபிஓஇ யூசர் நேமும் பாஸ்வேர்டும் புது ரவுட்டரில் போடத் தேவைப்படும். சில இடங்களில் விலான் எண் என்று கம்பெனி தரும் எண்ணும். மூன்றையும் அவர் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் லேண்ட்லைன் போனும் ஓடுகிறது என்றால் அது நிற்குமா என்றும் கேட்டுவிடுங்கள். பிரிட்ஜ் தர மறுத்தால், ரவுட்டருக்குப் பின்னால் ரவுட்டர் என்று சாதாரணமாகவே மாட்டலாம். வீடியோ, வகுப்பு, அலுவலக வேலை எதற்கும் தடை வராது; வெளியிலிருந்து வீட்டு சிசிடிவியை நேரடியாகத் திறப்பது, சில ஆன்லைன் விளையாட்டு, இவற்றில் மட்டும் சிக்கல் வரலாம். இரண்டு பெட்டியும் ஒரே முகவரி வரிசையில் இருக்கக் கூடாது. பழையது 192.168.1.1 என்றால் புதியதை 192.168.0.1 என்று வையுங்கள்.

மாட்டி முடித்த அன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நெட் வந்துவிட்ட மகிழ்ச்சியில் எல்லோரும் விட்டுவிடுவது அதுதான். ரவுட்டர் உங்கள் வீட்டின் வாசல் கதவு. உலகம் முழுவதும் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 2018-ல் விபிஎன்ஃபில்ட்டர் என்ற தீநிரல் பல நாடுகளில் வீட்டு ரவுட்டர்களில் புகுந்துகொண்டது. ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று அமெரிக்க எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, வேறு. டபிள்யூபிஎஸ்ஸை (பட்டனை அழுத்தியோ பின் எண்ணாலோ வைஃபையில் சேரும் வசதி) அணையுங்கள். வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3-ல் வையுங்கள். தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். வாங்கும்போதே அந்த மாடலுக்குக் கம்பெனியின் தளத்தில் கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று பாருங்கள். இரண்டு வருஷமாக ஒன்றும் வரவில்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எனக்கு அது வேண்டாம்.

மின்வெட்டு உள்ள ஊர் என்றால் ரவுட்டருக்கான சின்ன யூபிஎஸ் நல்ல செலவு. ஓஎன்டி, ரவுட்டர் இரண்டுக்கும் சேர்த்து வெளியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கிடைத்தால் நெட் வராது.

அப்புறம், பழைய பெட்டியை நாளைக்கு பிரிட்ஜ் மோடில் வைத்தாலும் அடாப்டரோடு பத்திரமாக வைத்திருங்கள். இணைப்பை நிறுத்தும் அன்றைக்குக் கம்பெனி அதைத் திருப்பிக் கேட்கும்; இல்லையென்றால் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள்.