ஆறு மாதம் நின்ற எம்.ஜி.பி.: எதற்கு முதலில் செலவிடுவது?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் என்னிடம் 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (மேற்கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று உள்ளது. சாலையில் உப்புத் தூவும் குளிர்காலத்துக்குப் பயந்து, வண்டி சாலையில் ஓடாது என்று அரசுக்குத் தெரிவிக்கும் எஸ்.ஓ.ஆர்.என். அறிவிப்பும் கொடுத்துவிட்டு, அக்டோபரிலேயே அதை ஷெட்டில் நிறுத்திவிட்டேன். ஏப்ரலில் வெளியே எடுக்க வேண்டும். கார்புரேட்டர்களைப் பிரித்துக் கோப்பது, புதிய பேட்டரிகள், ஆயில் மாற்றம் எல்லாம் சேர்த்து ஒரு பணிமனையில் 900 பவுண்ட் கேட்கிறார்கள். இவ்வளவும் தேவைதானா?

பதில்: தொகை இருக்கட்டும், அந்தப் பட்டியலில் பிரேக் இடம்பெறவே இல்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பிரிட்டனில் விற்கப்பட்ட அந்தக் கால எம்.ஜி.பி.களில் பிரேக் ஒரே ஆயில் சுற்றில் இயங்குவதால், எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும்; கைக்கு மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே. ஆகவே வண்டி ஓடுமா என்பதற்கு முன் நிற்குமா என்று பாருங்கள். பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். காலுக்கடியில் அது மெல்ல மெல்ல இறங்கினால் பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பழுது அல்லது எங்கோ கசிவு என்று பொருள், அந்த வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவரக் கூடாது. சக்கரங்களுக்கு அருகிலுள்ள ரப்பர் குழாய்களைக் கையால் வளைத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்பு தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது; ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும், கொதித்துவிட்டால் பிரேக் பிடிக்காது. டாட் 4 வகைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கையில் 230 பாகையும் ஈரம் ஏறிய நிலையில் 155 பாகையும்தான் என்பதால், கடைசியாக மாற்றி இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தால் மாற்றுவதே நல்லது. அதற்கும் முத்திரை பிரிக்காத சிறிய டப்பாவாக வாங்குங்கள். சென்ற ஆண்டு திறந்து வைத்த மிச்சத்தை ஊற்றாதீர்கள்.

அடுத்தது பெட்ரோல் குழாய்கள். 2021 செப்டம்பர் முதல் அங்கே சாதாரண பெட்ரோல் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த இ10 ஆகிவிட்டது. பழைய ரப்பரை அது அரித்து மென்மையாக்கிவிடும். எத்தனாலைத் தாங்கும், 'ஆர்9' என்று அச்சிட்ட குழாயை வாங்கிப் பொருத்துங்கள், இனி எத்தனால் 5 விழுக்காட்டைத் தாண்டாத சூப்பர் வகை இ5 பெட்ரோலையே நிரப்புங்கள். பிறகு இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஒரு நிலை திருப்பிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பின்சக்கரத்தின் பக்கமிருந்து எஸ்.யூ. நிறுவனத்தின் பெட்ரோல் பம்ப் படபடவென்று டிக் டிக் என அடித்து, கார்புரேட்டர்களின் கிண்ணங்கள் நிரம்ப நிரம்ப வேகம் குறைந்து, அடங்கிவிட வேண்டும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது. உடனே சாவியை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். பம்ப் அடங்கிவிட்டது, ஒழுகலும் இல்லை என்றால், ஆறு மாதம் நின்றதற்காகக் கார்புரேட்டர்களைப் பிரிக்கத் தேவையில்லை. இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளையும் இரவு முழுவதும் மெதுவாகச் சார்ஜ் செய்து சோதித்த பிறகே புதியவை வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். ஆயில் மாற்றம் மட்டும் நியாயமான செலவு. நிறுத்துவதற்கு முன் மாற்றாதிருந்தால் பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் பேரிங்குகளைத் தின்றுகொண்டிருக்கும்.

முதன்முறை கிளப்பும் நாளில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, ஆயில் அழுத்த முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றவிடுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதால் நன்மையைவிடத் தீமையே அதிகம். சூடேறாத இன்ஜினிலும் சைலன்சரிலும் நீர் தங்கிவிடும்.

பணிமனையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலையை எழுத்தில் கேளுங்கள். வேலையை உரிய திறனோடும் கவனத்தோடும் செய்து தரவேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமை. குறை இருந்தால் மீண்டும் செய்து தரும்படி கேட்கலாம், அது முடியாதபோது தொகையில் குறைக்கச் சொல்லலாம். இது ஐந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான கார்; எனவே உதிரிபாகம் அரிது என்று யாரேனும் விலையை ஏற்றினால் நம்ப வேண்டாம். இணையத்தில் வாங்கும் பாகங்களைப் பொதுவாகக் கையில் கிடைத்த 14 நாளுக்குள் ரத்து செய்யவும் இடமுண்டு.

40 ஆண்டுகளைக் கடந்த வண்டி என்பதால் சாலை வரி ஒரு பென்னிகூட இல்லை, ஆனாலும் விண்ணப்பித்து அதைப் புதுப்பித்தே ஆகவேண்டும், காப்பீட்டையும் மறவாதீர்கள். பெரிய மாற்றங்கள் செய்யப்படாதவரை எம்.ஓ.டி. என்ற வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனையிலிருந்தும் விலக்கு உண்டு. ஆயினும் அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டே ஆகும் அந்தச் சோதனையை நீங்களாகவே செய்துகொள்ளும்படி வற்புறுத்துவேன், ஏனெனில் ஆபத்தான நிலையில் வண்டி ஓட்டினால் அந்த விலக்கு உங்களைக் காப்பாற்றாது.

முதல் ஓட்டம் இரண்டு மூன்று மைலுக்கு மேல் வேண்டாம். திரும்பியதும் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவைத்து இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் அட்டையையும், ஒவ்வொரு டயரின் உட்புறத்தையும் கை விளக்கு வைத்துப் பாருங்கள். ஈரமில்லை என்றால் மறுநாள் இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம்.