கேள்வி உங்களுடையது: கை கழற்றி மாட்டும் வீரர்கள்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டின் சிறு உருவங்களைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பந்திதான் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அவற்றின் கையையும் ஆயுதத்தையும் கழற்றி மாட்ட வைக்கும் காந்தத்தைப் பற்றியே கேட்கின்றன. மணிக்கூடு திருத்துகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். இரண்டு வேலைக்கும் என் மேசையில் இருப்பது ஒரே கருவிப் பெட்டி.

வார்ஹேமர் 40,000 ஆட்டத்துக்கு ஒரு ட்ரெட்நாட், அதாவது நடக்கும் பெரிய போர் இயந்திர உருவம், வாங்கினேன். ஒரே கைக்கு மூன்று விதமான ஆயுதங்கள் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றை ஒட்டினால் மற்றவை வீண்தானா? (உவர்மலை வாசகர்)

வீணாக விடாதீர்கள். உருவத்தின் கையில் எது இருக்கிறதோ அதையே ஆட்டத்திலும் கணக்கில் எடுப்பதுதான் போட்டிகளில் வழக்கம். விதிநூலோ ஓரிடத்தில் நிற்பதில்லை. 8ஆம் பதிப்பு 2017இல் வந்தது, 9ஆவது 2020இல், 10ஆவது 2023இல். இன்று பலமான ஆயுதம் என்று நம்பி ஒட்டியது அடுத்த பதிப்பில் ஒன்றுக்கும் உதவாமல் போகலாம். தோளில் ஒரு காந்தம், ஒவ்வொரு ஆயுதத்தின் அடியிலும் ஒரு காந்தம் வைத்துவிட்டால் கவலையில்லை.

வாங்க வேண்டியது நியோடிமியம் காந்தம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் கறுப்புக் காந்தம் இந்த அளவில் எதையும் தாங்காது. சிப்பாயின் கைக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் போதும். ட்ரெட்நாட்டின் தோளுக்கு 5 விட்டம், 2 தடிப்பு.

துளையை மின்துளைப்பானால் போடாதீர்கள். அதன் வேகத்தில் பிளாஸ்டிக் உருகி, துளை அகன்றுவிடும். விரலால் உருட்டும் கைத்துளைப்பானே நல்லது. முதலில் ஊசிமுனையால் நடுவைக் குத்தி அடையாளம் வையுங்கள். 1 மில்லிமீற்றர் அலகால் (துளைக்கும் முனையால்) வழி திறந்து, அதற்குப் பிறகு பெரிய அலகுக்குப் போங்கள். எவ்வளவு ஆழம் என்று தெரிய, அலகில் செலோரேப் துண்டு ஒன்றைச் சுற்றிவிடலாம். பிளாஸ்டிக் சுருள் சுருளாக வெளியே வந்தால் கை சரியாகப் போகிறது. பொடியாக உதிர்ந்தால் அலகு மொட்டை.

காந்தத்தை உள்ளே இறக்க இரும்புக் குறடு உதவாது. காந்தம் குறட்டோடு திரும்பி வந்துவிடும். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, அதன் நுனியால் அழுத்துங்கள். மேலே நகத்தால் தடவும்போது எங்கும் தட்டக்கூடாது. தட்டினால் காந்தம் துருத்தி நிற்கிறது, கைக்கும் தோளுக்கும் நடுவே கடைசிவரை ஓர் இடைவெளி தெரியும்.

இன்னொன்று. காந்தம் நேராக இழுக்கும்போது காட்டும் பலத்தைப் பக்கவாட்டில் சறுக்கும்போது காட்டாது. பாரமான பீரங்கி தானாகத் தலை கவிழ்வது அதனால்தான். மூட்டில் இருக்கும் முளையையும் விளிம்பையும் வெட்டி எறியாமல் விட்டுவைத்தால் பாரத்தை அவை சுமக்கும், காந்தம் பிடித்துக்கொண்டால் போதும். சாதாரணச் சிப்பாய் ஒவ்வொருவனின் கைத்துப்பாக்கிக்கும் காந்தம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலை கூடிய பெரிய உருவங்களுக்கும், ஆயுதம் அடிக்கடி மாறும் தலைவனுக்கும் வைத்தால் போதாதா?

எல்லாவற்றையும் ஒட்டிக் காய்ந்த பிறகு பார்த்தால் கை தோளில் ஒட்டாமல் தள்ளிக்கொண்டு நிற்கிறது. (கிண்ணியா மாணவர்)

துருவம் மாறிவிட்டது தம்பி. முதலில் தோளை விடுங்கள், ஆயுதத்தின் காந்தத்தைத்தான் மாற்ற வேண்டும். ஆயுதத்தை உறைபெட்டியில் ஓர் இரவு வையுங்கள். சூப்பர் குளூ குளிரில் நொறுங்கும் தன்மை உடையது, காலையில் கத்திமுனையால் கிண்டினால் பெரும்பாலும் கழன்று வரும். அசிற்றோனைத் தொடவேண்டாம், பசையோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். காந்தத்தைத் துளைத்து எடுக்கவும் பார்க்காதீர்கள். அது உடையும், அதன் தூள் தீப்பிடிக்கக்கூடியது.

இனிமேல் பத்துக் காந்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண் போல வைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்குமுன் அதன் மேல்முகத்தில் நிறப்பேனாவால் புள்ளி இடுங்கள். தோளுக்குப் போகிற காந்தத்தில் புள்ளி வெளியே தெரியட்டும், ஆயுதத்துக்குப் போகிறதில் உள்ளே மறையட்டும். படை முழுவதற்கும் இதே முறையைக் கடைப்பிடித்தால் ஒரு ட்ரெட்நாட்டின் கை இன்னொன்றுக்கும் பொருந்தும்.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் ஒரு பக்கம் காந்தம், மறுபக்கம் இரும்பு. சிறிய ஆணியின் தலையை வெட்டி வைக்கலாம், மீன் ரின்னின் தகட்டையும் கத்தரிக்கலாம். தகடு மெல்லியது, பிடி குறையும், ஆகவே இரண்டு மூன்றை அடுக்கி ஒட்டுங்கள். இரும்புக்குத் துருவத் தொல்லை இல்லை. துருப்பிடிக்காத உருக்கில் சில வகைகள் காந்தத்தில் ஒட்டவே ஒட்டா, வெட்டுமுன் வைத்துப் பாருங்கள்.

ஒட்டிய காந்தம் சில மாதங்களில் கழன்று ஆயுதத்தோடு வந்துவிடுகிறது. சுற்றிலும் பழுப்புக் கறையும் இருக்கிறது. (நிலாவெளி வாசகர்)

கடலோரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள்! நியோடிமியம் காந்தத்தில் பெரும்பகுதி இரும்புதான். உப்புக்காற்றிலிருந்து அதைக் காப்பது மேலே பூசிய மெல்லிய நிக்கல் மட்டுமே. பசை நன்றாகப் பிடிக்கும் என்று சொல்லி காந்தத்தை அரத்தாளால் தேய்க்கச் சிலர் சொல்வார்கள். நிலாவெளியில் அதைச் செய்தால் துருவுக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள். துளையின் உட்புறத்தைச் சுரண்டுங்கள், காந்தத்தைச் சுரண்ட வேண்டாம். அதைச் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கினால் போதும்.

பெரிய காந்தங்களுக்கு இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எப்பொக்சிப் பசை நல்லது. சூப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகுகிறது. நமது காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் சீக்கிரம் பிடிக்கும், சுற்றிலும் வெண்பொடி போலவும் படியும். ஆனால் இறுகிய பின் அதற்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. ஆட்டத்தில் வெடுக்கென்று பிடுங்கப் பிடுங்க விட்டுவிடும். காந்தங்களை நேராகப் பிடுங்காமல் பக்கவாட்டில் சறுக்கிக் கழற்றப் பழகுங்கள். பசை காய்ந்ததும் காந்தத்தின் முகத்தில் வார்னிஷ் ஒரு பூச்சு, மெல்லியதாக. தடித்தால் பிடி குறையும்.

புல்மோட்டைக் கடற்கரை மணலில் என் காந்தம் விழுந்து, கறுப்பு மணிகள் மீசை போல ஒட்டிக்கொண்டன. இந்தக் காந்தம் அந்த மணலிலிருந்துதான் செய்யப்படுகிறதா? (உப்புவெளி வாசகர்)

இல்லை, ஆனால் கேள்வி சுவையானது. இறுக்கமாக ஒட்டுபவை மக்னற்றைற் என்னும் இரும்புக் கனிமத்தின் மணிகள். புல்மோட்டை மணலில் நிறைய இருப்பது இல்மனைற்று என்னும் கனிமம். அது காந்தத்தால் மெல்லத்தான் இழுபடும். அங்கே பலமான காந்தங்களைக் கொண்டுதான் அதைப் பிரித்தெடுக்கிறார்கள், தைத்தேனியத்துக்காக. அதே மணலில் சிறிதளவு மொனசைற்றும் உண்டு. நியோடிமியம் அடங்கிய கனிமம் அதுவே. காந்தமாக ஆக நியோடிமியத்தோடு இரும்பும் போரனும் சேர வேண்டும். 1980களின் முற்பகுதியில் ஜப்பானின் சுமிட்டோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியே கண்டுபிடித்த கலவை இது. மீசையை எடுக்கத் துணி உதவாது, செலோரேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்தெடுங்கள்.

மகன் இந்தக் காந்தங்களை மேசையெங்கும் பரப்பிவைக்கிறான். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறாள். பயப்பட வேண்டுமா? (தம்பலகாமம், ஒரு தாய்)

கட்டாயம் பயப்பட வேண்டும். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவிலுள்ள சுவரை நசுக்கித் துளைத்துவிடும். ஆரம்பத்தில் வயிற்றுவலி மட்டுமே தெரியலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திராமல் வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், காந்தம் என்று சொல்லுங்கள். மகனிடம் ஓர் இரும்பு ரின் கொடுத்து, வேலை முடிந்ததும் எண்ணி அதன் உள்ளே ஒட்டச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறைந்தால், காணாமற்போனது கிடைக்கும்வரை குழந்தை அந்த அறைக்குள் வரக்கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தாலும் ரின்னை அவர்களிடமிருந்து தள்ளியே வைக்கட்டும்.

கொழும்புக்கு பஸ்ஸில் படையைக் கொண்டுபோவது எப்படி? (மூதூர் வாசகர்)

பிஸ்கட் ரின் போதும், இரும்பாக இருக்க வேண்டும். அலுமினியம் உதவாது. ஒவ்வொரு உருவத்தின் வட்டத் தட்டின் அடியிலும் 5 மில்லிமீற்றர் காந்தம் ஒன்றை எப்பொக்சியால் ஒட்டினால் உருவம் ரின்னின் அடியில் நிற்கும். ட்ரெட்நாட்டின் கைகளைக் கழற்றித் தனியே கடதாசியில் சுற்றுங்கள், ஹபரணை வரை அவற்றைத் தோளில் விட்டால் குலுங்கி ஒன்றோடொன்று மோதி, பூசிய வர்ணம் உரியும். ரின்னை மேலே தட்டில் ஏற்றாமல் மடியில் வைத்திருங்கள், வங்கி அட்டையை மற்றப் பையில் போடுங்கள்.