முதல் செலவு விசிலுக்கு: ரக்பி கேள்வி பதில்

ரக்பி அதிகம் ஆடப்படாத நாட்டில் அதை வளர்ப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சார், என் பள்ளியில் ரக்பியைப் பார்த்தவர்களே இல்லை. எங்கிருந்து தொடங்குவது? (ஓர் உடற்கல்வி ஆசிரியை)

டேக் ரக்பியில் தொடங்குங்கள், டீச்சர். இடுப்பில் ஒரு பெல்ட், அதில் இரண்டு பக்கமும் ஒட்டிய பட்டைகள். முழு ரக்பியில் பந்து வைத்திருப்பவரைப் பிடித்துக் கீழே சாய்ப்பதுதான் டேக்கிள். இங்கே அவரின் பட்டையைப் பிடுங்கினாலே அது டேக்கிள். யாரும் யாரையும் தள்ள வேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடலாம்.

முதல் நாள் ஒரே ஒரு விதி போதும்: பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது. "முன்னால் ஓடு, பின்னால் கொடு" என்று சத்தமாகச் சொல்லவையுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் முன்னால்தான் எறிவார்கள், திட்ட வேண்டாம். ஒரு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பந்தைத் தாண்டி ஓடிவிட்டார்கள். வேகமாக ஓட முடியாமல் பின்தங்கியிருந்த ஒரு சிறுமி மட்டும்தான் பந்து வாங்கக்கூடிய இடத்தில் இருந்தாள். பந்து அவளிடம் வந்தது. எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டு (இப்படிப் புள்ளி எடுப்பதற்குத்தான் 'ட்ரை' என்று பெயர்), "வைக்கலாமா சார்?" என்று கேட்டாள். அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து நின்றாள்.

நான் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய புதிதில், முதல் வகுப்பிலேயே ஸ்க்ரம் கட்டவைத்தேன், அதாவது இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுவது. அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. அந்தத் தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

அடிபடாதா? (எட்டு வயதுப் பையனின் அப்பா)

அடிபடும். இல்லை என்று சொல்லும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள். டேக்கிள் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் இருவரையும் முட்டி போடவைத்து, அப்புறம் நடக்கவைத்து, கடைசியில்தான் ஓடவைக்க வேண்டும். டேக்கிள் செய்பவரின் தலை, விழுபவரின் உடலுக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். முன்பக்கம் போனால் ஆபத்து. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அந்தப் பிள்ளை வெளியே வந்துவிட வேண்டும், அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. இறுதிப் போட்டியாக இருந்தாலும் சரி.

அண்ணா, ஒரு பெரிய வெற்றி கிடைத்தால் ரக்பி தானாக வளர்ந்துவிடாதா? (ஒரு கல்லூரி மாணவர்)

ஏரியைத் தூர்வாரி வைத்திருந்தால்தான் மழைத் தண்ணீர் நிற்கும், தம்பி. 2015 உலகக் கோப்பையில் ஜப்பான், தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வென்றது. எல்லோருக்கும் அந்தக் கடைசி நிமிட ட்ரைதான் நினைவிருக்கிறது. ஆனால் ஜப்பானில் ஹனாசோனோ மைதானத்தில் ஆண்டுதோறும் உயர்நிலைப் பள்ளி அணிகளுக்குத் தேசியப் போட்டி நடக்கிறது. பெரிய நிறுவனங்களுக்குச் சொந்த அணிகள் இருந்தன. அதனால் வெற்றியைப் பார்த்து ஆசைப்பட்ட பையனுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. 2019இல் ஜப்பான் காலிறுதிக்கே போனது.

ஜார்ஜியாவின் கதை வேறு. அங்கே கிராமங்களில் பந்துக்காகக் கூட்டமாக மோதும் 'லேலோ' என்ற பழைய விளையாட்டு உண்டு. ரக்பியில் ட்ரை போடுவதையும் அங்கே லேலோ என்றுதான் சொல்கிறார்கள். புது விளையாட்டு பழைய பெயரோடு உள்ளே வந்தது. 2022இல் சொந்த ஊரான கார்டிஃபில் வைத்தே வேல்ஸை 13-12 என்று தோற்கடித்தார்கள். உங்கள் மண்ணிலும் பிடித்து இழுக்கும், மல்லுக்கட்டும் விளையாட்டு ஏதாவது இருக்கும். அதை ஆடும் பிள்ளைகளைத் தேடிப் போங்கள்.

ஓர் அணிக்கு வேண்டிய பதினைந்து பேர் சேரவே மாட்டேன் என்கிறார்கள்.

ஏழு பேரோடு செவன்ஸ் ஆடுங்கள். பாதிக்கு ஏழு நிமிடம், ஒரே நாளில் பல ஆட்டம் முடியும். ஃபிஜி தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே 2016இல் செவன்ஸில்தான் வாங்கியது, அதுவும் தங்கம். ஒரு எச்சரிக்கை: செவன்ஸ் மட்டுமே ஆடினால் கனத்த உடம்புள்ள பிள்ளைகள் ஓரமாக நின்றுவிடுவார்கள். ரக்பியின் அழகே அவர்களுக்கும் இடம் இருப்பதுதான். ஆள் சேரச் சேரப் பத்துப் பேர் ஆட்டம், பிறகு பதினைந்து என்று போங்கள்.

வெளிநாட்டில் வளர்ந்த வீரர்களைச் சேர்த்துத் தேசிய அணியைப் பலப்படுத்தலாமா?

சேர்க்கலாம், ஆனால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். தகுதியில்லாத ஒரு வீரரை ஆடவைத்ததால், களத்தில் வென்றெடுத்த 2023 உலகக் கோப்பை இடத்தை ஸ்பெயின் இழந்தது. அந்த இடம் ருமேனியாவுக்குப் போனது. நாலு வருட உழைப்பு ஒரு கோப்பில் போய்விட்டது.

கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் போதும். எதில் போடுவீர்கள், ஐயா?

நடுவர்களில். சீருடை, கோப்பை, விளம்பரம் எல்லாம் பிறகு. வாரா வாரம் ஆட்டம் நடந்தால்தான் பிள்ளைகள் தங்குவார்கள், நடுவர் இல்லாமல் ஆட்டம் நடக்காது. பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு விசில் கொடுத்து அனுப்பினேன். ஓரத்தில் நின்ற ஒரு பெரியவர் கத்திய கத்தலில் அவன் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து எங்கள் ஆட்டங்களில் கோட்டிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுகிறோம். பார்ப்பவர்கள் எல்லோரும் அதற்குப் பின்னால்தான். புது நடுவரோடு அனுபவமுள்ள ஒருவர் ஓரத்தில் நடந்துகொண்டே இருப்பார். அந்தப் பையன் அடுத்த மாதம் திரும்பி வந்தான். இப்போது புதியவர்களோடு ஓரத்தில் நடப்பவன் அவன்தான்.