மடித்து எடுத்துச் செல்லும் வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரியக் கலைஞர் தோ ஹோ சு பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். தான் வாழ்ந்த வீடுகளை அவர் மெல்லிய துணியில் தைத்துச் செய்யும் துணிவீடுகள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் தன் வீட்டை அளந்து அதே அளவில் வேறொரு பொருளில் செய்து வைப்பதைச் சிற்பம் என்று எப்படிச் சொல்வது? கட்டடக்கலைஞர் செய்யும் மாதிரியும் அதுதானே? பண்பாட்டு அடையாளம் என்பதும் கொரியக் கூரையின் வளைவோடு முடிந்துவிடுகிறது.

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

கட்டடக்கலைஞரின் மாதிரி இனி எழப்போகும் வீட்டுக்கானது. சுவின் துணிவீடு, வாழ்ந்து நீங்கிய வீட்டுக்குப் பிறகு வருவது. உள்ளே யாரும் குடியேற முடியாத அதன் சுவர்கள் ஒரு பிரிவை முழு அளவில் நம்முன் நிறுத்துவதால்தான் அதைச் சிற்பம் என்கிறேன்.

கூரையைப் பற்றிச் சொன்னீர்கள். அவர் வளர்ந்த சியோல் வீடு, ஓவியரான அவருடைய தந்தை சு சே ஓக் 1970களில் கட்டியது. சாங்டியோக் அரண்மனை வளாகத்திலுள்ள ஒரு மாளிகை அதற்கு முன்மாதிரி. அந்த மாளிகையோ அரச குடும்பத்தினர் அறிஞர் குடியினரின் வீடுகளைப் பார்த்து எழுப்பிக்கொண்டது. அசல் கொரிய வீட்டைத் தேடிப் போனால் ஒரு நகலுக்குப் பின்னால் இன்னொரு நகலே நிற்கிறது. அந்த வரிசையில் அடுத்ததாக, அமெரிக்காவில் படித்து அப்போது அங்கேயே தங்கியிருந்த மகன், 1999இல் அதே வீட்டை மெல்லிய வெளிர்பச்சைப் பட்டில் தைத்து, பார்வையாளர் அடியில் நடந்து செல்லும்படி காட்சிக்கூடத்தின் கூரையிலிருந்து தொங்கவிட்டார். அது காட்சிக்கு வைக்கப்படும் ஒவ்வொரு நகரின் பெயரும் தலைப்பில் சேர்ந்துகொண்டே போகிறது.

ஆணியின்றிப் பொருத்தப்படும் ஹானோக் என்ற மரபு மரவீட்டைப் பிரித்து, வேறிடத்தில் மீண்டும் எழுப்பலாம். வீட்டை நடத்திச் செல்லுதல் என்று கொரியர் இதைச் சொல்வதுண்டு. 2025இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் நடந்த சுவின் கண்காட்சிக்கும் அதுவே பெயர். ஆகவே மடித்துப் பெட்டியில் வைக்கக்கூடிய பட்டு வீடு அந்தத் தச்சு மரபை விட்டு விலகியதாக எனக்குத் தோன்றவில்லை. கூரை வளைவைவிட இந்த இடம்பெயரும் இயல்பில்தான் கொரியா அதிகம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நியூயார்க்கில் அவர் பல ஆண்டுகள் குடியிருந்த வாடகை வீட்டையும் துணியில் தைத்திருக்கிறார். பின்னர் அதே வீட்டின் உட்பரப்புகளைத் தாளால் மூடி, வண்ணப் பென்சிலால் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் பதிவெடுத்தார். அங்கே கொரியக் கூரை இல்லை. பிறந்த வீட்டுக்குக் காட்டிய அதே பொறுமை, வாடகை வீட்டின் கதவுப் பிடிக்கும் மின்சுவிட்சுக்கும் கிடைத்திருக்கிறது. அந்தப் படங்களை நேரமெடுத்துப் பாருங்கள். பட்டு வீட்டுக்கு அதன்பின் திரும்பி வாருங்கள்.